பசித்தவர் கையில் களஞ்சியம்



பொதுநலம் சார்ந்த பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் அடிவரை சென்று பேச வேண்டும் என்பது இந்தச் சொற்பொழிவுக்கு வகுக்கப்பட்ட நெறி. அதன்படி, பசியை எதிர்த்து ஊர்ப் பெண்கள் கூட்டாக நடத்தும் பண்ணைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தெலங்கானாவின் ஜஹீராபாத் வட்டாரத்திலும் கேரளத்திலும் நடந்தவையே என் சான்றுகள். நான் நிறுவ விரும்பும் கருத்து ஒன்றுதான். எதை விதைப்பது, எங்கே சேமிப்பது, யாருக்கு முதலில் கொடுப்பது என்ற மூன்று முடிவுகளும் பசியை அனுபவித்து அறிந்தவர்களின் கைக்கு வந்த இடங்களில் பசி பின்வாங்கியிருக்கிறது. அரசும் வங்கியும் தொண்டு நிறுவனமும் அவர்களுக்குத் துணை நிற்கலாம். அவர்கள் இடத்தில் போய் உட்காரக் கூடாது.

1. கிடங்கு நிறைந்தும் வயிறு காய்ந்தது

2001-ஆம் ஆண்டு. ராஜஸ்தானில் வறட்சி. அரசின் தானியக் கிடங்குகளில் கோதுமையும் அரிசியும் தேவைக்கு மேல் குவிந்து கிடந்தன. அந்தக் கிடங்குகள் இருந்த அதே மாநிலத்தின் ஊர்களில் மக்கள் பட்டினி கிடந்தார்கள். மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதே ஆண்டு நவம்பர் 28 அன்று நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணை, அரசுப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று எல்லா மாநிலங்களையும் பணித்தது. அந்த வழக்கு மூட்டிய விவாதமும் இயக்கமும் 2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு வழி வகுத்தன. ஊரக மக்களில் 75 விழுக்காட்டினர் வரையிலும் நகர மக்களில் 50 விழுக்காட்டினர் வரையிலும் மாதம் ஆளுக்கு 5 கிலோ தானியம் பெறுவது சட்டப்படியான உரிமை ஆயிற்று.

ரேஷன் அரிசி கோடிக்கணக்கான குடும்பங்களைப் பட்டினியிலிருந்து காத்திருக்கிறது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் 2019-21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் புரட்டிப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அரிசி வீட்டுக்கு வந்த பிறகும் பருப்பும் கீரையும் காய்கறியும் பாலும் தட்டுக்கு வரவில்லை. வயிறு நிரம்புகிறது; உடம்பு பசித்தே இருக்கிறது.

தானியம் இல்லாததால்தான் பஞ்சம் வருகிறது என்ற நம்பிக்கையை அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட நூலில் உடைத்தார். 1943-இன் வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அவர், விளைச்சல் குறைவைக் காட்டிலும் உணவைப் பெறும் வழி அடைபட்டதே மக்களைக் கொன்றது என்று காட்டினார். கூலி உயராமல் அரிசி விலை உயர்ந்தபோது விவசாயக் கூலிகளும் மீனவர்களும் முதலில் மடிந்தார்கள். இந்தப் பாடத்தை நாம் பெரும்பாலும் விலையோடும் கூலியோடும் நிறுத்திக்கொண்டோம். நிலம், விதை, களஞ்சியம் ஆகியவற்றின் மீது ஏழைக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்ற கேள்விக்கு அதை நீட்டிப் பார்த்தவர்கள் எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள். அவர்களுடைய ஊர்களுக்குப் போவோம்.

2. ஜஹீராபாத்தின் கரம்பு நிலம்

ஹைதராபாத்திலிருந்து மேற்கே மும்பை செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ஜஹீராபாத். அன்று மேடக் மாவட்டம், இன்று சங்காரெட்டி மாவட்டம். வானம் பார்த்த பூமி. நிலச் சீர்திருத்தத்தின் பேரால் தலித் குடும்பங்களுக்குக் கிடைத்த ஒன்றிரண்டு ஏக்கர் பெரும்பாலும் மேல்மண் கனமில்லாத சரளை நிலம். பட்டா கையில் இருந்தது. ஏர் இல்லை, மாடு இல்லை, எரு இல்லை, விதை வாங்கக் காசு இல்லை. நிலம் கரம்பாகக் கிடக்க, நிலத்துக்கு உரியவர்கள் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனார்கள்.

1983-இல் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற அமைப்பு இந்த வட்டாரத்தில் வேலை தொடங்கியது. அதை நிறுவியவர்களில் ஒருவரான பி.வி. சதீஷ் தொலைக்காட்சித் துறையிலிருந்து வந்தவர், 2023-இல் மறைந்தார். பஸ்தாபூரை மையமாகக் கொண்டு சுமார் எழுபத்தைந்து ஊர்களில் பெண்களின் சங்கங்கள் உருவாயின. உறுப்பினர்களில் பெரும்பாலோர் நிலம் குறைந்த தலித் பெண்கள்.

அதே 1983-இல்தான் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் என்.டி. ராமராவின் அரசு கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி கொடுக்கத் தொடங்கியது. ஏழைகளுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் சோளமும் தினையும் விளைந்த வறண்ட மாவட்டங்களில் அதற்கு வேறொரு விளைவும் இருந்தது. ஆற்றுப் பாசன டெல்டாக்களில் விளைந்த அரிசி மலிவாகக் கிடைத்தபோது மேட்டு நிலத்தில் சோளம் விதைக்க வேண்டிய நெருக்கடி தளர்ந்தது. சோளம் போனால் தட்டை போகும். தட்டை போனால் மாட்டுக்குத் தீவனம் இல்லை. மாட்டை விற்றால் எரு இல்லை. எரு இல்லாத சரளை மண்ணில் எதுவும் விளையாது. கரம்பு மேலும் கரம்பாயிற்று. மலிவு அரிசிக் கொள்கையை வகுத்தவர்கள் தட்டையை நினைத்திருக்க வாய்ப்பில்லை. மாடு வளர்க்கும் பெண்ணுக்கு அது நினைப்பூட்டப்பட வேண்டிய செய்தியே அல்ல.

1990-களின் நடுவில் சங்கப் பெண்கள் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் உதவியோடு ஒரு மாற்றுப் பொது விநியோகத்தைத் தொடங்கினார்கள். கரம்பு நிலம் வைத்திருப்பவருக்கு உழவுக்கும் எருவுக்கும் விதைக்கும் களையெடுப்புக்கும் கடன் கொடுக்கப்பட்டது. வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று ஊர்ச் சங்கத்துப் பெண்களின் குழு வயலுக்கு வந்து பார்த்தது. கடனைப் பணமாகத் திருப்ப வேண்டியதில்லை. விளைந்த சோளத்தில் ஒரு பங்கை ஆண்டுக்கு இவ்வளவு என்று ஊர்க் களஞ்சியத்துக்கு அளக்க வேண்டும். முதல் கட்டத்தில் சுமார் முப்பது ஊர்களில் 2,500 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் மீண்டும் உழவுக்கு வந்தது. களஞ்சியம் அதே ஊரில், அதே பெண்களின் பொறுப்பில் இருந்தது. விதைப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட மழை மாதங்களில், பழைய தானியம் தீர்ந்து புதுத் தானியம் வராத அந்தக் காலத்தில், சோளம் மிகக் குறைந்த விலைக்கு ஏழை வீடுகளுக்குப் போனது. விற்ற பணம் வைப்பாகி, அடுத்த கரம்பை உழுவதற்குத் திரும்பியது.

இந்த ஏற்பாட்டின் உயிர் எங்கே இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கடனுக்குப் பெயர் பணம். வரவுக்குப் பெயர் சோளம். பணமாகத் திருப்பச் சொல்லியிருந்தால் உழவர் சந்தைக்கு விலைபோகும் பயிரைத் தேடியிருப்பார். பருத்தியோ கரும்போ வந்திருக்கும். சோளமாகக் கேட்டதால் வயலில் உணவு விளைந்தது, கூடவே தட்டையும் விளைந்தது. கடன் எப்படித் திரும்ப வேண்டும் என்ற ஒரே விதி வயலில் என்ன விளைய வேண்டும் என்பதையும் தீர்மானித்துவிட்டது.

அந்த வயலை அருகில் போய்ப் பார்க்கலாம். சோளம் மட்டும் நிற்கும் வயல் அல்ல அது. சோளத்தின் இடையே துவரை, தினை, சாமை, கம்பு, உளுந்து, பாசிப்பயறு, மொச்சை, எள், ஓரத்தில் புளிச்சக்கீரை. ஓர் ஏக்கரில் பத்து, பன்னிரண்டு பயிர்கள், சில வயல்களில் அதற்கும் மேல். பார்ப்பதற்குக் குழப்பமாகத் தோன்றும். உள்ளே கணக்கு இருக்கிறது. பாசிப்பயறு எழுபது நாளில் கைக்கு வரும். தினை எண்பது, தொண்ணூறு நாளில் அறுவடையாகும். சோளம் நான்கு மாதம் எடுக்கும். துவரை ஐந்தாறு மாதம் நின்று கடைசியில் காய்க்கும். மழை நடுவில் பொய்த்தால் குறுகிய காலப் பயிர் தப்பிக்கும். பின்மழை வந்தால் துவரை தப்பிக்கும். பயறு வகைகள் மண்ணுக்குத் தழைச்சத்தைத் தரும். களை என்று பிடுங்கி எறியப்படும் செடிகளில் பல அங்கே குழம்புக்குப் போகும் கீரைகள். அவை விதைக்காமலே முளைப்பவை. நிலமில்லாத பெண்ணும் வரப்போரம் பறித்துக்கொள்ளலாம் என்பது ஊர் வழக்கம். ஒரே நாளில் மொத்தமாக வரும் மகசூலைவிட ஐந்து மாதம் தவணை தவணையாக வீட்டுக்கு வரும் மகசூல் பசிக்கு எதிரான நல்ல அரண்.

விதையும் வீட்டிலேயே இருந்தது. மூங்கில் கூடையைச் சாணமும் மண்ணும் கொண்டு மெழுகி, சாம்பலும் வேப்பிலையும் கலந்து விதையை நிரப்பி, வாயை மண்ணால் மூடி வைப்பார்கள். இல்லாதவர் சங்கத்தின் விதைக் களஞ்சியத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அறுவடைக்குப் பின் எடுத்ததைவிடக் கூடுதலாகத் திருப்ப வேண்டும். முன்பெல்லாம் விதைக்காகப் பெரிய வீட்டு வாசலில் நின்ற பெண்களிடம் பின்னாளில் பெரிய வீட்டுக்காரர்களே விதை கேட்டு வரத் தொடங்கினார்கள். சாதியால் வாசலோடு நிறுத்தப்பட்டவர்கள் ஊருக்குத் தானியம் கொடுப்பவர்களாக ஆனார்கள். எந்தப் புள்ளிவிவர அட்டவணையிலும் இடம்பெறாத மாற்றம் இது. என்னைக் கேட்டால் இந்தத் திட்டத்தின் முதல் விளைச்சல் இதுதான்.

3. ஊரே எழுதிய பட்டியல்

யாருக்கு முதலில் கொடுப்பது? பசி ஒழிப்புத் திட்டங்கள் அதிகம் இடறி விழும் இடம் இது. வறுமைக்கோட்டுப் பட்டியல் வேறெங்கோ தயாராகிறது. எத்தனை பேர் ஏழைகள் என்ற வரம்பு மேலிருந்து வருகிறது. விதவையின் பெயர் விடுபட்டுப் போகும். டிராக்டர் வைத்திருப்பவரின் பெயர் இருக்கும். திருத்தம் கேட்டு அலுவலகங்களுக்கு அலைந்தவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள்.

ஜஹீராபாத் ஊர்களில் பட்டியல் வேறு விதமாக உருவானது. ஊர்ப் பொதுவிடத்தில் எல்லோரும் கூடினார்கள். தரையில் கோலப்பொடியாலும் வண்ணப் பொடியாலும் ஊரின் படத்தை வரைந்தார்கள். தெருக்களைப் போட்டு, ஒவ்வொரு வீட்டையும் குறித்தார்கள். பிறகு, ஏழை என்றால் யார் என்பதைப் பேசி முடிவு செய்தார்கள். நிலம் இருக்கிறதா, இருந்தால் விளைகிறதா, வீட்டில் உழைக்கக்கூடிய ஆள் இருக்கிறாரா, கணவனை இழந்து குழந்தைகளோடு நிற்கும் பெண்ணா, பார்ப்பதற்கு ஆளில்லாத முதியவரா என்று அளவுகோல்கள் அவர்கள் வாயிலிருந்தே வந்தன. அந்த அளவுகோலின்படி எந்த வீட்டுக்கு எந்த நிறம் என்று எல்லோர் கண்முன்னும் முடிவாயிற்று. பொய்யான பெயர் அங்கே நிற்காது, ஏனென்றால் பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்திலேயே நிற்கிறார். விடுபட்ட பெயரும் தப்பாது. மிகவும் ஏழையான வீட்டுக்கு அதிகத் தானியம், அடுத்த நிலையில் இருப்பவருக்கு அடுத்த அளவு. படிப்பறிவு இல்லாதவர்களும் படிக்கக்கூடிய பட்டியல் அது.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பசி பற்றிய மிக நுட்பமான தகவல் ஊருக்குள்தான் இருக்கிறது. எந்த வீட்டில் இன்று அடுப்பு புகையவில்லை என்பது தலைநகரத்துக் கணினிக்குத் தெரியாது. தண்ணீர்க் குழாயடியில் நிற்கும் பெண்களுக்குத் தெரியும். அந்த அறிவுக்கு அதிகாரம் கொடுத்ததுதான் ஜஹீராபாத்தின் சாதனை.

அந்தப் பெண்கள் வயலோடு நிற்கவில்லை. 2008 அக்டோபர் 15 அன்று அதே வட்டாரத்தின் மாச்சனூரில் சங்கம் ரேடியோ என்ற சமுதாய வானொலியைத் தொடங்கினார்கள். ஆண்டுதோறும் மகர சங்கராந்தியையொட்டிப் பாரம்பரிய விதைகளை மாட்டுவண்டிகளில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போகிறார்கள். 2013-இன் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அரிசி, கோதுமையோடு சிறுதானியத்தையும் சேர்க்க வேண்டும் என்று நாடெங்கும் எழுந்த குரலில் இவர்கள் குரலும் இருந்தது. 2019-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் விருது இவர்களுக்குக் கிடைத்தது.

4. கேரளத்தின் வயலும் அடுப்பும்

ஜஹீராபாத்தில் ஒரு தொண்டு அமைப்பு பெண்களுக்குத் துணை நின்றது. கேரளத்தில் மாநில அரசும் உள்ளாட்சிகளும் துணை நின்றன. அதனால் அளவு பெரிதாயிற்று, சிக்கல்களும் பெரிதாயின.

ஆலப்புழை நகரத்தில் 1990-களின் தொடக்கத்திலும் மலப்புறம் மாவட்டத்தில் அதன் பின்னரும் நடந்த முயற்சிகளின் தொடர்ச்சியாக 1998 மே 17 அன்று மலப்புறத்தில் மாநில அரசின் மகளிர் வறுமை ஒழிப்பு இயக்கமான குடும்பஸ்ரீ தொடங்கி வைக்கப்பட்டது. அயல்பக்கத்துப் பெண்கள் சேர்ந்தது அயல்கூட்டம். அயல்கூட்டங்கள் சேர்ந்து வார்டு அளவில் ஓர் அமைப்பு; அவை சேர்ந்து ஊராட்சி அளவில் ஓர் அமைப்பு. இன்று நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இதில் இருக்கிறார்கள்.

கேரளத்தின் நெல் வயல் சுருங்கிய கதை நம் எல்லோருக்கும் எச்சரிக்கை. 1970-களின் நடுவில் சுமார் 8 லட்சத்து 80 ஆயிரம் ஹெக்டேரில் நெல் விளைந்தது. அது இன்று 2 லட்சம் ஹெக்டேர் அளவுக்கு வந்துவிட்டது. வயல்கள் வீட்டுமனையாயின, ரப்பரும் தென்னையுமாயின. எஞ்சியவற்றில் பல ஆள் கிடைக்காமலும் கட்டுப்படியாகாமலும் தரிசாயின. 2008-இல் வந்த நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வயலை மேடாக்குவதைத் தடுத்தது. தரிசாகக் கிடக்கும் வயலை ஊராட்சி வழியாக உழவர் குழுக்களும் மகளிர் குழுக்களும் பயிரிடவும் இடம் தந்தது.

அந்தத் தரிசில்தான் குடும்பஸ்ரீப் பெண்கள் இறங்கினார்கள். நான்கு முதல் பத்துப் பேர் வரை கொண்ட கூட்டுப் பொறுப்புக் குழுக்கள். நில உரிமையாளரிடம் குத்தகைக்கு எடுத்து நெல், வாழை, மரவள்ளி, சேனை, பயறு, காய்கறி போட்டார்கள். தேசிய வேளாண், ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு வகுத்த முறைப்படி வங்கிகள் சொத்து ஜாமீன் கேட்காமல் குழுவின் கூட்டுப் பொறுப்பை நம்பிக் கடன் கொடுத்தன. கரடாகிப் போன நிலத்தைப் பண்படுத்தும் வேலை பல இடங்களில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் நடந்தது. இப்படி உருவான குழுக்கள் எழுபதாயிரம் அளவுக்குப் பெருகின. சுமார் மூன்று லட்சம் பெண்கள் உழவர்களாயினர். நாள்கூலிக்கு நாற்று நட்டவர்கள் நடவுத் தேதியைத் தாங்களே குறிப்பவர்களானார்கள். வீட்டுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் விற்பது பெரும்பாலான குழுக்களின் வழக்கம். பசிக்கு எதிரான முதல் வேலி அங்கேயே எழுந்துவிடுகிறது.

2018 ஆகஸ்டில் வந்த பெருவெள்ளத்தில் இந்தப் பண்ணைகள் பல மூழ்கின. குத்தகைப் பணமும் உழைப்பும் தண்ணீரோடு போயின. அடுத்த மாதமே குடும்பஸ்ரீப் பெண்கள் தங்களுக்குள் திரட்டி முதலமைச்சரின் நிவாரண நிதிக்குக் கொடுத்த தொகை 7 கோடி ரூபாய்.

2020 மார்ச் 25 அன்று நாடே முடங்கியது. புலம்பெயர்ந்த தொழிலாளர், தனியாக வாழும் முதியோர், அன்றாடக் கூலிகள் என்று பல லட்சம் பேருக்குச் சாப்பாட்டுக்கு வழி இல்லை. கேரளத்தின் உள்ளாட்சிகள் சமுதாயச் சமையற்கூடங்களைத் திறந்தன. சில நாள்களுக்குள் அவை ஆயிரத்தைத் தாண்டின. பெரும்பாலானவற்றில் கரண்டி பிடித்தவர்கள் குடும்பஸ்ரீப் பெண்கள். கூட்டுப் பண்ணைகளின் காய்கறியும் வாழைக்காயும் சந்தைக்குப் போக வழியில்லாமல் இருந்தபோது சமையற்கூடத்துக்குப் போயின; பல குழுக்கள் இலவசமாகவே கொடுத்தன. முடியாதவர்களுக்குச் சாப்பாடு இலவசம். மற்றவர்களுக்கு இருபது ரூபாய். யார் வீட்டில் யார் தனியாக இருக்கிறார் என்பது அயல்கூட்டத்துக்கு முன்பே தெரியும். 2002 முதல் நடந்துவந்த ஆஸ்ரயா திட்டத்தில் ஆதரவற்ற குடும்பங்களை ஊராட்சி வாரியாகக் கண்டறிந்து வைத்திருந்தார்கள். பல ஆண்டுகளாகக் கட்டி வைத்த வலை அந்த ஒரு வாரத்தில் விரிந்தது. நெருக்கடி வந்த பிறகு வலை பின்னத் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆலப்புழைக்கு வடக்கே மாராரிக்குளம் வட்டாரத்தையும் சொல்ல வேண்டும். கயிறு திரிப்போரும் மீனவரும் வாழும் கடலோர மணற்பகுதி. அங்கே கஞ்ஞிக்குழி ஊராட்சி 1990-களின் நடுவிலிருந்து வீட்டுக்கு வீடு காய்கறி என்று தொடங்கி, வெறும் மணலில் எருவும் மக்கு உரமும் சேர்த்துப் பயறும் வெள்ளரியும் விளைவிக்கும் ஊராகப் பெயர் பெற்றது. அந்த வட்டாரத்தின் பாதிரப்பள்ளியில், நோயாளிகளுக்கு வீடு தேடிச் சென்று ஆதரவு தரும் சிநேகஜாலகம் என்ற தொண்டர் குழு 2018 மார்ச்சில் ஒரு மக்கள் உணவகத்தைத் திறந்தது. பக்கத்திலேயே காய்கறித் தோட்டம். வேண்டியதைச் சாப்பிடலாம், கல்லாவில் ஆள் இல்லை, ஒரு பெட்டி இருக்கிறது, முடிந்ததைப் போடலாம், முடியாவிட்டால் கை கழுவிவிட்டுப் போகலாம். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை. உள்ளவரும் இல்லாதவரும் ஒரே மேசையில் சாப்பிடுவதால் இலவசமாகச் சாப்பிடுபவர் யார் என்பது தெரியாமலே போகிறது. பசித்தவரின் மானத்தைக் காப்பது உணவளிப்பதில் பாதி வேலை என்பதை அவர்கள் உணவகத்தின் ஏற்பாட்டிலேயே சேர்த்துவிட்டார்கள்.

5. எங்கே இடறுகிறது

நல்லதை மட்டும் சொல்லிப் போவது இந்த அவைக்குச் செய்யும் மரியாதை ஆகாது. மூன்று தடைகளைச் சொல்கிறேன்.

முதல் தடை நிலம். கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் குடியானவருக்கு நிலத்தைக் கொடுத்த பெருமைக்குரிய சட்டம். 1970 முதல் அது புதிதாகக் குத்தகைக்கு விடுவதைத் தடை செய்தது. நிலப்பிரபுத்துவம் திரும்பி வராமல் தடுக்க எழுந்த அந்தத் தடை, இன்று தரிசு நிலத்தை எடுத்துப் பாடுபடும் பெண்களுக்குக் குறுக்கே நிற்கிறது. குத்தகை வாய்ப்பேச்சாகவே நடக்கிறது. எழுத்து இல்லாததால் இழப்பீடும் காப்பீடும் கிடைப்பது கடினம். இரண்டு மூன்று ஆண்டு எரு போட்டு மண்ணைத் தேற்றிய பிறகு உரிமையாளர் நிலத்தைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். மண்ணைத் தேற்றியவருக்கு அந்த மண்ணில் எந்த உறுதியும் இல்லை.

இரண்டாவது தடை, நேரத்துக்கு வராத பணம். கேரளத்தில் சமுதாயச் சமையற்கூடங்களின் அனுபவத்தில் பெருகிய மக்கள் உணவகங்கள் ஆயிரத்தைத் தாண்டின. சாப்பாடு இருபது ரூபாய். ஒரு சாப்பாட்டுக்குப் பத்து ரூபாய் அரசின் மானியம். மானியம் மாதக் கணக்கில் நிலுவையானது. பெண்கள் கடன் வாங்கிச் சமைத்தார்கள். நிலுவையைக் கேட்டுப் போராட வேண்டியும் வந்தது. 2023-இல் மானியமே நின்றது. சாப்பாடு முப்பது ரூபாயாயிற்று. பசி ஒழிப்பின் சுமையை ஏழைப் பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டுப் பெருமையை மட்டும் பிறர் எடுத்துக்கொள்வது அநீதி. கூட்டாளி என்று சொல்லிக்கொள்பவர் தம் பங்கை உரிய நாளில் வைக்க வேண்டும்.

மூன்றாவது தடை நம் மனத்தில் இருக்கிறது. ஊர்ப் பண்ணைகள் வந்துவிட்டால் ரேஷனும் சத்துணவும் தேவையில்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். இதைவிட ஆபத்தான வாதம் இல்லை. ஓர் ஊரில் மழை பொய்த்தால் அந்த ஊரின் களஞ்சியமும் காலியாகும். அப்போது வேறு மாநிலத்துத் தானியத்தைக் கொண்டுவர அரசால்தான் முடியும். அரசின் விநியோகம் பட்டினியைத் தடுக்கிறது. ஊர்ப் பண்ணை தட்டில் பருப்பையும் கீரையையும் சேர்க்கிறது, விடுபட்டவரைக் கண்டுபிடிக்கிறது, உழைத்தவருக்கு மதிப்பைத் தருகிறது. இரண்டும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதைக் குறைக்க விடக் கூடாது.

6. நாம் செய்ய வேண்டியவை

இந்த அனுபவங்கள் தமிழ்நாட்டுக்கு அந்நியமானவை அல்ல. 1994-இல் தொடங்கிய பெண்கள் இணைப்புக் குழு நிலமற்ற பெண்களையும் தனித்து வாழும் பெண்களையும் சேர்த்துக் குத்தகை நிலத்தில் கூட்டாகச் சிறுதானியமும் பயறும் விளைவித்து வந்திருக்கிறது. கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலைவாழ் மக்களின் குழுக்களோடு சேர்ந்து சாமையையும் தினையையும் மீட்க உழைத்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் அரசுத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குச் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களே. அடுப்பு ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது. அந்த அடுப்புக்குக் காய்கறியும் பருப்பும் தரும் வயலும் அவர்கள் கைக்கு வர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அதற்கு நான்கு செயல்களை முன்வைக்கிறேன். ஒன்று, ஊராட்சிதோறும் தரிசு நிலத்தைக் கணக்கெடுத்து, உரிமையாளரின் உரிமைக்குப் பங்கம் வராமல், குறைந்தது ஐந்தாண்டுக்கு எழுத்துப்பூர்வமான குத்தகையை மகளிர் குழுக்களுக்கு உறுதி செய்ய வேண்டும். நியாயமான குத்தகைக்குக் கோயில் நிலங்களிலும் இதைச் செய்யலாம். இரண்டு, பள்ளிகளும் அங்கன்வாடிகளும் விடுதிகளும் தமக்கு வேண்டிய காய்கறி, கீரை, சிறுதானியத்தில் ஒரு பங்கை அந்தந்த ஊரின் குழுக்களிடமே வாங்க வேண்டும். விலையை விதைப்புக்கு முன்பே அறிவித்து, பணத்தை மாத இறுதிக்குள் தர வேண்டும். மூன்று, ஊர்தோறும் விதைக் களஞ்சியமும் தானியக் களஞ்சியமும் வேண்டும். அவற்றின் சாவி மகளிர் குழுவிடம் இருக்க வேண்டும். நான்கு, பசியுள்ள வீடுகளின் பட்டியலைக் கிராம சபையில், எல்லோர் முன்னிலையிலும் எழுத வேண்டும். தூரத்து அலுவலகம் அதைச் சரிபார்க்கட்டும். எழுதும் வேலை ஊருடையது.

மாணவ மாணவியருக்கு ஒரு சொல். வேளாண்மையும் சமூகப் பணியும் பொருளியலும் படிக்கும் நீங்கள் களப்பணிக்காக ஊர்களுக்குப் போவீர்கள். கேள்வித்தாளோடு போய் எண்ணிக்கையோடு திரும்பிவிடாதீர்கள். மண் பரிசோதனை செய்து கொடுக்கலாம். குழுவின் கணக்கேட்டை எழுதப் பழக்கலாம். கொள்முதல் செய்யும் பள்ளிக்கும் விளைவிக்கும் குழுவுக்கும் இடையே பேசி முடித்துக் கொடுக்கலாம். அந்தப் பெண்களுக்குத் தெரிந்ததை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்ததைப் பிறகு கொடுங்கள்.

பசியை ஒழிப்பதற்குத் தேவையான தானியம் இந்த நாட்டில் இருக்கிறது. உழைக்கத் தயாரான கைகள் இருக்கின்றன. தரிசாகக் கிடக்கும் நிலமும் இருக்கிறது. இம்மூன்றையும் ஓர் ஊருக்குள் ஒன்றுசேர்க்கும் அதிகாரத்தைப் பசியை அறிந்த பெண்களிடம் ஒப்படைக்க நாம் துணிய வேண்டும். ஜஹீராபாத்தின் பெண்கள் அதைத் திறம்பட ஆள முடியும் என்று நிறுவிக் காட்டி முப்பது ஆண்டாகிறது. இனித் தாமதிப்பதற்கு நம்மிடம் எந்த நியாயமும் இல்லை.